காலியான ஸ்லாட்டுக்கு எதற்குக் காசு?

1999-இல் ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனம் விற்க ஆரம்பித்த வைசர் என்ற கையடக்க ஆர்கனைசரின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் தகடு செருகியிருக்கும். அதற்குள் சிப் இல்லை, கம்பி இல்லை, ஒன்றும் இல்லை. பின்னால் இருக்கும் ஸ்லாட் என்ற ஓட்டையில் தூசி புகாமல் அடைத்துக்கொண்டிருப்பதுதான் அதன் ஒரே உத்தியோகம். ஆனால் அந்த ஓட்டையைக் காட்டித்தான் கருவியையே விற்றார்கள். இன்றைக்கு நாட்குறிப்பு, நாளைக்கு கேமரா, நாளை மறுநாள் தொலைபேசி. எது வேண்டுமோ அதைச் செருகிக்கொள்ளலாம் என்பது பேச்சு.

விரிவாக்க வசதி உண்டு என்று பெட்டிமேல் போட்டிருந்தால் அதற்கு உண்மையில் என்ன அர்த்தம்? தொழில் செய்கிறவருக்கு அதனால் என்ன லாபம்? எப்போது அது வெறும் ஓட்டையாகவே நின்றுவிடுகிறது? எல்லாமே செல்பேசிக்குள் அடங்கிவிட்ட பிறகு இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: பாம், சையான் நிறுவனங்களின் பழைய ஆர்கனைசர்களைத் தேடி வாங்கி, இணையத் தொந்தரவு இல்லாத நாட்குறிப்பாக வைத்துக்கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இன்னொரு பதில்: விரிவாக்கம் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை விதமான ஏற்பாடுகள் ஒளிந்திருக்கலாம் என்பது அந்த நாலைந்து ஆண்டுகளில் தெரிந்த அளவுக்கு வேறெப்போதும் தெரியவில்லை. ஆகவே 2001-க்கே போய்விடலாம். ஒருவர் தன் தொழிலுக்காக ஒரு ஆர்கனைசர் வாங்கக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அவர் வாங்கப்போவது என்ன? அடிப்படையில் நான்கு சங்கதிகள்: நாட்குறிப்பு, முகவரிப் புத்தகம், செய்ய வேண்டியவற்றின் பட்டியல், குறிப்பேடு. பிரிட்டனின் சையான் நிறுவனம் 1984-லேயே 'ஆர்கனைசர்' என்ற பெயரில் ஒரு கருவியை விற்றது. ஆப்பிளின் தலைவராக இருந்த ஜான் ஸ்கல்லி 1992-இல் 'பெர்சனல் டிஜிட்டல் அசிஸ்டென்ட்' என்ற தொடரைப் பிரபலமாக்கினார், பி.டி.ஏ. என்ற சுருக்கப் பெயர் அதிலிருந்து வந்ததுதான். அவர்கள் கொண்டுவந்த நியூட்டன் 1993-இல் பிறந்து 1998-இல் நின்றுபோனது. கையடக்கக் கருவி என்றால் சட்டைப் பையில் அடங்க வேண்டும் என்பதைச் சரியாகப் பிடித்தது 1996-இல் வந்த பாம் நிறுவனத்தின் பைலட். அதை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி தயாராவதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது கூட்டத்துக்கு நேரம் கேட்டால் கட்டையை எடுத்து எழுதுவதுபோல் பாவனை செய்வாராம். அப்படிச் செதுக்கிச் செதுக்கிக் குறைத்த கருவியில் கூடுதல் வசதிகளுக்கு இடமில்லை. பிறகு அதே ஹாக்கின்ஸ் பாம் நிறுவனத்தை விட்டு வெளியே வந்து ஹேண்ட்ஸ்பிரிங்கைத் தொடங்கி, முதுகில் ஓட்டை வைத்த வைசரைக் கொண்டுவந்தார் என்பதுதான் வேடிக்கை.

விரிவாக்கம் என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கூடுதல் இடம். அங்கேதான் பலர் தடுக்கி விழுந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வாடிக்கையாளரின் பெயர், முகவரி, இரண்டு தொலைபேசி எண்கள், ஒரு சிறு குறிப்பு எல்லாம் சேர்ந்து 200 எழுத்துகள். ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்றால் 200 பைட். ஐயாயிரம் வாடிக்கையாளர்களுக்கு 10 லட்சம் பைட், அதாவது சுமார் ஒரு எம்பி. 1998-இல் வந்த பாம் III-இல் 2 எம்பி இருந்தது. 2001-இல் வந்த பாம் எம்505-இல் 8 எம்பி. ஐயாயிரம் பேரோடு தினமும் வியாபாரம் செய்கிறவர்கூட, வெறும் முகவரியும் நாட்குறிப்பும் வைத்துக்கொண்டு 8 எம்பியை நிரப்புவது கடினம். படங்கள், விலைப்பட்டியல்கள், மின்புத்தகங்கள், அகராதிகள், பெரிய எக்செல் தாள்கள் என்று வந்தால்தான் இடம் போதாமல் போகும்.

அப்படியானால் ஸ்லாட் எதற்கு? என்னைக் கேட்டால், தொழில் செய்கிறவருக்கு ஸ்லாட்டின் முதல் பயன் இடம் அல்ல, காப்பு, அதாவது தரவுக்கு ஒரு பத்திரமான நகல். இது புரிய வேண்டுமென்றால் அந்தக் கருவிகளின் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

இன்றைய செல்பேசியில் சார்ஜ் தீர்ந்தால் திரை அணையும், அவ்வளவுதான். மீண்டும் சார்ஜ் போட்டால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். அன்றைய பாம் கருவிகளிலும், பாக்கெட் பிசி என்ற விண்டோஸ் கையடக்கக் கருவிகளிலும் கதை வேறு. நீங்கள் எழுதியதெல்லாம் ராம் என்ற நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். மின்சாரம் சொட்டிக்கொண்டே இருக்கும்வரைதான் ராமுக்கு ஞாபகம். கருவியை அணைத்து வைத்தாலும் உள்ளே ஒரு துளி மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும், ராமை விழித்திருக்க வைப்பதற்காக. பேட்டரி முழுக்கச் செத்தால் முகவரி, நாட்குறிப்பு, குறிப்பு எல்லாம் துடைத்தெடுத்த பலகை. பைலட்டில் இரண்டு ஏஏஏ பேட்டரிகளை மாற்றும்போது ஒரு நிமிடத்துக்குள் புதியதைப் போட்டுவிட வேண்டும் என்பார்கள். உள்ளே இருக்கும் சிறு மின்தேக்கி அவ்வளவு நேரம்தான் தாங்கும். மின்சாரம் போனாலும் தரவு அழியாத ஏற்பாடு விண்டோஸ் கையடக்கக் கருவிகளுக்குப் பொதுவாக வந்தது 2005-இல், விண்டோஸ் மொபைல் 5.0-உடன்.

மெமரி கார்டு இதற்கு நேர் எதிர். அது ஃபிளாஷ் நினைவகம். எழுதியதை மின்சாரம் இல்லாமலே வைத்திருக்கும். மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் இருக்கும். அலுவலகத்தில் இருக்கும்வரை கவலையில்லை. கருவியைத் தாங்கியில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் சிங்க் ஆகி, கணினியில் ஒரு நகல் சேர்ந்துவிடும். வெளியூரில் பத்து நாள் சுற்றுகிறவருக்குத்தான் சிக்கல். ஏழாம் நாள் பேட்டரி படுத்துவிட்டால், ஆறு நாள் எடுத்த ஆர்டர்கள் போயே போச்சு. தினமும் இரவு தூங்கப் போகுமுன் கார்டில் ஒரு நகல் எடுத்தவர் மட்டும் தப்பித்தார். வைசரின் முதுகு ஓட்டையில் செருகும் பெட்டிகளுக்கு மாட்யூல் என்று பெயர். நகல் எடுப்பதற்கென்றே பேக்கப் மாட்யூல் ஒன்று வந்தது; செருகி ஒரு தட்டு தட்டினால் மொத்தக் கருவியும் அதில் நகலாகிவிடும். கேமரா மாட்யூலைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். தொழிலுக்குப் பயன்பட்டது இந்தச் சப்பை மாட்யூல்தான்.

விரிவாக்கத்தின் இரண்டாவது வகை, கூடுதல் கை. அதாவது கருவிக்கு இல்லாத ஒரு உறுப்பைப் பொருத்துவது: மோடம், பார்கோடு வாசிப்பான், ஜிபிஎஸ், கேமரா, செல்பேசி. இடம் கூட்டுவதும் கை கூட்டுவதும் ஒரே ஓட்டை வழியாக நடந்தாலும் இரண்டும் வேறு வேறு விவகாரம். மெமரி கார்டு என்றால் செருகியதும் வேலை முடிந்தது. உறுப்பு என்றால் மூன்று கேள்விகள் உடனே வரிசையில் நிற்கும்: இதை இயக்கும் மென்பொருள் யார் தருவது, இதற்கு மின்சாரம் எங்கிருந்து வருவது, நாளை இது பழுதானால் இன்னொன்று கிடைக்குமா.

ஓட்டைகளில் பல ஜாதி

2001-இல் கடைக்குள் நுழைந்தவருக்கு முன்னால் குறைந்தது ஐந்து வித ஓட்டைகள் காத்திருந்தன.

வைசரின் ஸ்பிரிங்போர்டு எல்லாவற்றிலும் அழகான யோசனை. மாட்யூலுக்குள்ளேயே அதற்குரிய மென்பொருள் இருக்கும். செருகினால் தானாகவே திரையில் வந்து நிற்கும். பிடுங்கினால் சுவடில்லாமல் போய்விடும். சிடியைப் போடு, டிரைவரை ஏற்று என்ற கதையெல்லாம் கிடையாது. கணினி பழகாத விற்பனைப் பிரதிநிதியிடம் பார்கோடு வாசிப்பானைக் கொடுத்து 'செருகுங்கள்' என்று சொன்னால் போதும். வைசர்ஃபோன் என்ற செல்பேசி மாட்யூல்கூட வந்தது, தன் பேட்டரியைத் தானே சுமந்துகொண்டு. ஒரே குறை, இந்த ஓட்டை வைசருக்கு மட்டுமே சொந்தம். அடுத்தவர் கருவியில் பொருந்தாது, கேமராவில் பொருந்தாது, கணினியில் பொருந்தாது. 2001-இல் மெலிதாக வந்த வைசர் எட்ஜில் ஓட்டையே உடம்பில் இல்லை, வேண்டுமானால் முதுகில் ஒரு துணைப்பாகத்தை மாட்டிக்கொள்ள வேண்டும். 2002-இல் அதே நிறுவனம் ட்ரியோ என்ற செல்பேசியைக் கொண்டுவந்தபோது ஸ்பிரிங்போர்டு அடியோடு போயிற்று. மாட்யூல்களுக்குக் கொட்டிய காசு அந்தக் கருவிகளோடு நின்றது.

காம்பேக்ட்ஃபிளாஷ் என்ற சிஎஃப் கார்டு இதற்கு மறுதுருவம். சான்டிஸ்க் 1994-இல் அறிமுகப்படுத்தியது. டிஜிட்டல் கேமராக்களில் ஏற்கெனவே குடியேறியிருந்தது. ஒரு சாதாரண அடாப்டரில் வைத்தால் மடிக்கணினியின் பிசி கார்டு துளையிலும் ஏறும். சையானின் சீரிஸ் 5-இல் 1997-லேயே இது இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது தடிமன். முதல் வகை 3.3 மி.மீ., இரண்டாம் வகை 5 மி.மீ. மெல்லிய கார்டு தடித்த ஓட்டையில் போகும்; தடித்த கார்டு மெல்லிய ஓட்டையில் போகாது. ஐபிஎம் 1999-இல் கொண்டுவந்த மைக்ரோடிரைவ், சிஎஃப் உருவத்துக்குள் சுழலும் வட்டையே அடைத்து 340 எம்பி கொடுத்தது. அது இரண்டாம் வகை. கேட்கவே ஆசையாக இருந்தாலும் சுழலும் வட்டுக்கு மின்சாரம் அதிகம் வேண்டும், தரையில் விழுந்தால் தாங்காது என்பதால் கையடக்கக் கருவிக்கு அதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது.

எஸ்டி கார்டு உங்களுக்குத் தெரிந்ததுதான்: 32 மி.மீ. நீளம், 24 மி.மீ. அகலம், 2.1 மி.மீ. தடிமன். அதன் அண்ணன் எம்எம்சி கார்டு அதே அகலநீளம், ஆனால் 1.4 மி.மீ. தடிமன். எம்எம்சி, எஸ்டி ஓட்டையில் நுழையும். எஸ்டி, எம்எம்சிக்கு மட்டுமான ஓட்டையில் நுழையாது. பாம் எம்500, எம்505 கருவிகளோடு எஸ்டி பாமுக்குள் வந்தது. இங்கே ஒரு மறைமுகப் பொறி உண்டு. எஸ்டி ஓட்டை இருக்கிறது என்பதால் எஸ்டி வடிவில் வரும் கேமராவோ புளூடூத்தோ வேலை செய்துவிடாது. அதற்கு எஸ்டிஐஓ என்ற கூடுதல் ஆதரவு வேண்டும். வெளிப்பார்வைக்கு இரண்டு ஓட்டைகளும் இரட்டைப் பிள்ளைகள். பெட்டியின் பின்பக்கத்துச் சிறு எழுத்தைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

சோனியின் கிளியே கருவிகளில் மெமரி ஸ்டிக் என்ற அவர்களுடைய சொந்தக் கார்டு. வீட்டில் கேமரா, மடிக்கணினி எல்லாம் சோனியாக இருந்தால் சௌகரியம். இல்லையென்றால் தேவையில்லாத கல்யாணம்.

காம்பேக் நிறுவனத்தின் ஐபேக் 3600 வேறு வழியில் போனது. 2000-இல் வந்த அந்தக் கருவியின் உடம்பில் எந்த ஓட்டையும் இல்லை. 206 மெகாஹெர்ட்ஸ் சில்லு, 32 எம்பி நினைவகம், வண்ணத் திரை என்று பாமைவிடப் பல மடங்கு பலசாலி. விரிவாக்கம் வேண்டுமென்றால் முதுகில் ஒரு சட்டையை, அதாவது ஓட்டை வைத்த ஒரு உறையை, மாட்ட வேண்டும். சிஎஃப் கார்டுக்கு ஒரு சட்டை, பிசி கார்டுக்கு இன்னொரு சட்டை. பிசி கார்டு சட்டைக்குள் தனி பேட்டரியும் இருந்தது. வேண்டும்போது மட்டும் பருமனாகிக்கொள்ளலாம் என்பது நல்ல ஏற்பாடுதான், சட்டையை ஓட்டல் அறையில் மறந்துவிட்டு வராத வரை.

இரண்டு ஓட்டைகள் கொண்ட கருவிகூட உண்டு: ஹேண்ட்எரா 330. ஒன்றில் எஸ்டி, ஒன்றில் சிஎஃப். காப்பை ஒரு ஓட்டையில் நிரந்தரமாக வைத்துவிட்டு, மோடத்தை மற்றதில் செருகலாம். பேர்வாங்காமல் போன கருவி. ஆனால் நான் மேலே சொன்ன வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது அன்று குறைவு.

கார்டில் போட்டால் முடிந்ததா?

இல்லை. கருவியின் இயங்குதளம் கார்டை எப்படிப் பார்க்கிறது என்பதும் இருக்கிறது. பாக்கெட் பிசி என்றால் கார்டு ஒரு கோப்புறையாகத் தெரியும். கணினியில் பழகிய மாதிரியே கோப்பைத் திறக்கலாம். பாம் உலகில் கோப்பு என்ற எண்ணமே முதலில் இல்லை. பாம் ஓஎஸ் 4.0 வந்த பிறகுதான் கார்டைக் கையாளும் வழி இயங்குதளத்துக்குள்ளேயே வந்தது. அப்போதும் கார்டில் இருக்கும் நிரலைத் தட்டினால், அது ராமுக்கு நகலாகி, அங்கிருந்துதான் ஓடும். எனவே 64 எம்பி கார்டு போட்டிருந்தாலும் ராமில் அந்த நிரலுக்கு இடம் காலியாக இருக்க வேண்டும். கிடங்கு எவ்வளவு பெரிதானாலும் சமைக்கும் அடுப்பு பழைய அளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தை யாரும் பேசுவதில்லை. உறுப்பு எதைச் செருகினாலும் அது கருவியின் பேட்டரியைத்தான் உறிஞ்சும், தனி பேட்டரி இருந்தால் ஒழிய. பேட்டரி செத்தால் ராமும் செத்தது என்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள். மோடத்தைச் செருகி மின்னஞ்சல் பார்த்த அதே மாலையில் முகவரிப் புத்தகமும் போய்விடக்கூடிய ஏற்பாடு இது. எனக்கு எப்போதும் ஏஏஏ பேட்டரி போடும் கருவிகள்மேல் ஒரு பாசம் உண்டு, காரணம் இதுதான். எந்த மூலையிலும் கிடைக்கும். உள்ளேயே அடைத்த சார்ஜ் பேட்டரி மெலிதாக அழகாக இருக்கும், சார்ஜர் ஊரில் இருக்கும்.

சரி, நம் ஆள் எதை வாங்குவது? அவர் என்ன வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்தது. கூட்டங்களும் தொலைபேசி எண்களும் மட்டுமே வாழ்க்கை என்றால், விரிவாக்கம் பற்றிய பேச்சையே விட்டுவிடலாம். ஓட்டையே இல்லாத மெல்லிய பாம் V போதும்; மாலையில் அலுவலகத்துக்குத் திரும்பி சிங்க் செய்கிறவருக்குக் காப்பும் அங்கேயே ஆகிவிடுகிறது. கிடங்கில் சரக்கு எண்ணுகிறவர் என்றால் எதிர்க்கோடி. அவருக்குப் பார்கோடு வாசிப்பான் ஒட்டுப்பகுதியாக இருக்கக் கூடாது. நாளெல்லாம் ஆயிரம் முறை அழுத்தும் கை, ஓட்டையில் ஆடிக்கொண்டிருக்கும் மாட்யூலைத் தாங்காது. சிம்பல் நிறுவனம் பாம் கருவிக்குள்ளேயே வாசிப்பானைப் பொருத்தி எஸ்பிடி 1500 என்று விற்றது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். தினமும் செய்யும் வேலைக்கான உறுப்பு உடம்பிலேயே இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை வரும் வேலைக்கு ஓட்டை போதும்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்தான் உண்மையில் ஸ்லாட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியவர்: ஊர் ஊராகப் போய் விலைப்பட்டியல் காட்டி ஆர்டர் எடுக்கும் பிரதிநிதி. அவரிடம் பெரிய பட்டியல் இருக்கும், படங்கள் இருக்கும், நாள்கணக்கில் அலுவலகத்தைப் பார்க்க மாட்டார். அவருக்கு நான் சொல்வது, சிஎஃப் அல்லது எஸ்டி ஓட்டை உள்ள கருவி, இரண்டு கார்டுகள். ஒன்று பட்டியலுக்கு, மற்றது இரவு நகலுக்கு. நகல் கார்டு கருவிப் பையில் இருக்கக் கூடாது. பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்து தொலையும்.

பத்துப் பேருக்கு வாங்கித்தரும் முதலாளிக்கு இன்னும் இரண்டு வார்த்தை. எல்லோருக்கும் ஒரே மாடல், ஒரே வகைக் கார்டு வாங்குங்கள்; ஒருவர் கருவி படுத்தால் அவர் கார்டை அடுத்தவர் கருவியில் செருகி அன்றைய ஆர்டரைக் காப்பாற்றலாம். அடுத்தது, கார்டு என்பது பூட்டாத பீரோ. கருவிக்குக் கடவுச்சொல் போட்டிருப்பார்கள். கார்டைப் பிடுங்கி வேறொரு கணினியில் வைத்தால் அந்தக் கடவுச்சொல்லை யாரும் கேட்க மாட்டார்கள். வாடிக்கையாளர் பட்டியலை அப்படியே கார்டில் வைப்பதானால், மறையாக்கம் செய்து வைக்கும் மென்பொருளும் சேர்த்தே வாங்க வேண்டும்.

எந்த ஓட்டைக்கு ஆயுசு அதிகம் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா? முழுதாக முடியாது. ஆனால் ஒரு அடையாளம் உண்டு: அந்த ஓட்டையை இந்தக் கருவியைத் தவிர வேறு என்னென்ன பொருள்கள் பயன்படுத்துகின்றன என்று பாருங்கள். சையானின் முதல் ஆர்கனைசரில் டேட்டாபேக் என்ற பெட்டிகள் செருகுவார்கள். எழுதியதை அழிக்க வேண்டுமானால் பெட்டியைக் கழற்றிப் புறஊதா விளக்கின்கீழ் வைக்க வேண்டும். அதுவும் சரி, ஸ்பிரிங்போர்டும் சரி, ஒரே வீட்டுப் பிள்ளைகள். கேமராக்காரர்களும் கணினிக்காரர்களும் சேர்ந்து சுமந்த எஸ்டி இன்றும் கடையில் கிடைக்கிறது. சையானே 2001-இல் இந்தச் சந்தையை விட்டு விலகுவதாக அறிவித்தது. அவர்கள் கருவியில் இருந்த சிஎஃப் கார்டு மட்டும் வேறு கருவிகளில் தொடர்ந்து வேலை பார்த்தது.

இன்றைக்குப் பழைய கருவி ஒன்றை வாங்குகிறவர்கள் கையில் கிடைக்கும் பெரிய எஸ்டி கார்டைச் செருகிவிட்டு, ஓட்டை கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பழைய எஸ்டி முறை 2 ஜிபி வரைதான். அதற்கு மேற்பட்டவை 2006-இல் வந்த எஸ்டிஎச்சி என்ற வேறு முறை. பழைய கருவிக்கு அது புரியாது. 2 ஜிபிக்கு உட்பட்ட கார்டு ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

கார்டு ஏறியதும் உண்மையான முகவரிகளை ஏற்றாதீர்கள். பொய்யாக நான்கு பெயர்களை எழுதுங்கள். கார்டில் நகல் எடுங்கள். பிறகு ஹார்ட் ரீசெட் செய்யுங்கள். பாம் என்றால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி முதுகில் இருக்கும் ரீசெட் துளையில் ஊசிமுனையால் அழுத்த வேண்டும், எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று அதுவே கேட்கும். அழிக்கச் சொல்லுங்கள். இப்போது கார்டிலிருந்து மீட்டெடுங்கள். நான்கு பெயர்களும் திரும்பி வந்து நின்றால், அன்று மாலை உட்கார்ந்து மற்றவர்களை ஏற்ற ஆரம்பிக்கலாம்.